எமகண்டத்தில் ஒரு கிற்றார்

வுப்பர்டாலில் ஞானசுந்தரத்தைத் தெரியாத தமிழர் ஒருவர் இருந்தால், அவர் அந்த ஊருக்கு வந்து ஒரு கிழமைகூட ஆகியிருக்காது. கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும், மேடைக்கும் சனத்துக்கும் நடுவில், எல்லாருடைய பார்வையையும் மறைத்துக்கொண்டு, தோளில் கமராவோடு ஒரு முதுகு நிற்கும். அந்த முதுகுதான் ஞானசுந்தரம். சொந்த மகளின் தாலிகட்டை நேரில் பார்க்கக் கிடைக்கவில்லை, பிறகு கசெட்டில்தான் பார்த்தோம் என்று குறைப்பட்ட தகப்பன்மார் உண்டு. ஆனால் அந்தக் கசெட்டைக் குறை சொன்னவர் ஒருவரும் இல்லை.

எண்பத்தைந்தில் கிழக்கு பேர்லின் வழியாக வந்து இறங்கியவர் அவர். கிழமை நாட்களில் பக்கத்து ஊரில் பூட்டுச் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் காலை வேலை. சனி, ஞாயிறு கமரா. மனைவி கொறற்றி இளவாலைக்காரி, வேதக்காரி; அவர் சைவம். இரண்டு வீட்டாரும் குறுக்கே நிற்க, இருவரும் பிடிவாதமாகச் செய்துகொண்ட கலியாணம் அது. அதில் முகூர்த்தமும் இல்லை, பூசையும் இல்லை. நகரசபையில் Termin என்று குறித்துத் தந்த நேரம்தான் நல்ல நேரம். அதனாலோ என்னவோ, நாள் நட்சத்திரம் பார்க்கிற ஆட்களைக் கண்டால் கொறற்றிக்குச் சிரிப்பு வரும். ஞானசுந்தரத்துக்கு இரக்கம் வரும். அந்த இரக்கம்தான் பின்னாளில் அவரைப் பொலிஸ் வரை கொண்டுபோய் விட்டது.

அது தொண்ணூற்று மூன்றில் தொடங்கியது. ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளை வந்த கார் வழியில் பழுதாகி, முகூர்த்தம் நாற்பது நிமிடத்தால் தவறிப் போனது. பெண்ணின் தாய் சமையலறைக்குள் நின்று விக்கி விக்கி அழுதாள். ஞானசுந்தரத்தின் கமராவில் நாளும் நேரமும் படத்தோடு சேர்ந்தே பதியும், பிறகு அழிக்க ஏலாது. கசெட் யாழ்ப்பாணம் போகும், லண்டன் போகும், போகிற இடமெல்லாம் சனம் மணவறையைப் பார்க்காமல் கீழ் மூலையைத்தான் பார்க்கும். நேரமே போடாமல் விட்டாலோ, மறைத்துப்போட்டார்கள் என்று இன்னும் மோசமாகக் கதைக்கும். அவர் யோசித்துவிட்டுக் கமராவின் நேரத்தை நாற்பது நிமிடம் பின்னால் திருப்பினார். அந்தத் தாய் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. தாய்மாரின் முகத்தைப் பார்த்தாலே அவருக்கு விளங்கிவிடும். மண்டபத்துக்குப் போனதும் முதல் வேலையாகச் சுவர் மணிக்கூட்டைக் கழற்றி அலுமாரிக்குள் வைப்பார். தமிழர் நேரத்துக்கு ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று சொல்பவர்கள் ஞானசுந்தரத்தின் கசெட்டுகளைப் பார்க்காதவர்கள். பதினொரு வருடமாக அவற்றில் ஒரு முகூர்த்தம்கூடத் தவறியதில்லை.

"உங்கடை கடவுளுக்கு மணிக்கூடு பாக்கத் தெரியாதோ? கமராவைத்தான் பாக்கிறவரோ?" என்று கொறற்றி கேட்பாள்.

"கடவுளுக்கு எல்லாம் விளங்கும். கனடாவிலை இருக்கிற சனத்துக்குத்தான் விளங்காது," என்பார் அவர்.

ஒஸ்தாப் வந்து சேர்ந்தது இரண்டாயிரத்து ஒன்றில். உக்ரைனில் கார்க்கிவ் நகரத்தில் ஒரு ரொக் இசைக்குழுவில் மின்கிற்றார் வாசித்துப் பேர் எடுத்தவன். ஜெர்மனிக்கு வாசிக்க வந்த இடத்தில் குழு சண்டைபிடித்துப் பிரிந்துபோனது. மற்றவர்கள் திரும்பிவிட்டார்கள். இவன் ஒரு இசைக் கல்லூரியில் இடம் பிடித்து நின்றுவிட்டான். ஆறடி இரண்டு அங்குலம், தோளுக்குக் கீழே தொங்கும் மஞ்சள் குடுமி, முதுகில் கறுப்புக் கிற்றார்ப் பை. கொண்டாட்டங்களில் தமிழ்ப் பாட்டு வாசிக்கும் லோறன்ஸின் இசைக்குழுவில் கிற்றார் வாசித்தவர் கலியாணம் செய்து லண்டனுக்குப் போய்விட, லோறன்ஸ் இவனைக் கூட்டிவந்து மேடையில் ஏற்றினார். தமிழ்ப் பாட்டு ஒன்றை இரண்டு தரம் கேட்டால் போதும், அப்படியே வாசிப்பான். சரணத்துக்குச் சரணம் நடுவில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தன்னுடைய ரொக்கைக் கொஞ்சம் அவிழ்த்துவிடுவான். பெரியவர்கள் காதைப் பொத்துவார்கள். ஆறு மாதத்துக்குள் அதே பெரியவர்கள், அந்தச் சத்தம் போடுகிற தம்பி வருகிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் லோறன்ஸின் குழுவை ஒழுங்குசெய்தார்கள்.

ஞானசுந்தரத்தின் காரில்தான் அவன் மண்டபங்களுக்குப் போய்வருவான். இரண்டு பேருடைய ஜெர்மனும் அரைகுறை. ஆனால் இரண்டு அரைகுறையும் ஒன்றுக்கொன்று நன்றாகப் பொருந்தின. ஞாயிறு காலையில் கொறற்றியின் இடியப்பமும் சொதியும் சாப்பிட வருவான். பதினைந்து இடியப்பத்துக்குப் பிறகுதான் பேசவே தொடங்குவான். "இந்தப் பெடியனுக்கு அவிச்சுப் போட்டே என்ரை இடியப்ப உரல் தேஞ்சு போச்சு," என்று கொறற்றி குறைப்படுவாள். அவன் வராத ஞாயிறு அவளுக்குச் சமைக்கவே மனம் வராது.

இரண்டாயிரத்து நான்கு ஏப்ரலில், புவனேந்திரன், பாலாம்பிகை தம்பதியின் மகள் கவிசா பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. ஓபர்பார்மனில் ஆற்றங்கரை மண்டபம். சனிக்கிழமை. பன்னிரண்டு பத்திலிருந்து ஒன்று இருபத்தெட்டு வரை சுபநேரம் என்று அட்டையில் பொன்னெழுத்தில் அடித்திருந்தார்கள். தலை அலங்காரம் செய்கிற பெண் பீலெஃபெல்டிலிருந்து வரவேண்டும். அவள் நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டாள். ஒன்று இருபத்தெட்டும் போனது, இரண்டும் போனது. சனிக்கிழமை ஒன்றரைக்குப் பிறகு எமகண்டம் என்பது அந்த மண்டபத்தில் இருந்த இருநூற்றைம்பது பேருக்கும் தெரியும். ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. எல்லாரும் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு காலநிலையைப் பற்றிக் கதைத்தார்கள்.

இரண்டு முப்பத்தெட்டுக்கு அலங்காரம் முடிந்து கவிசா வாசலுக்கு வந்தாள். பாலாம்பிகையின் முகத்தைப் பார்த்தார் ஞானசுந்தரம். விரல் தானாகப் பொத்தானுக்குப் போனது. கமராவில் நேரம் ஒன்று பதினெட்டு ஆகியது. ஒஸ்தாப்பின் கிற்றார் எழும்ப, குடைபிடித்துத் தோழிகள் சூழ, கவிசா சிரிப்பை அடக்க முடியாமல் நடந்து வந்தாள். ஆலாத்தி எடுத்து முடியும்வரை ஒஸ்தாப் மேடையை விட்டு இறங்கவில்லை. அதன்பிறகுதான் சோற்றுத் தட்டோடு பின்பக்கம் போய், ஆற்றங்கரையில் தனியே இருந்து சிகரெட் பிடித்தான். மொத்தத்தில் அருமையான சாமத்தியவீடு. பின்னேரம் கிழவிகளும் எழும்பி ஆடினார்கள்.

செவ்வாய்க்கிழமை ஒஸ்தாப்பைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது.

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் சரியாக இரண்டு நாற்பத்தைந்துக்கு, ஊரின் மறுபக்கம் எல்பர்ஃபெல்டில் ஒரு நகைக்கடைக்குள் துப்பாக்கியோடு ஒருவன் புகுந்து, கடைக்காரரின் மண்டையை உடைத்துவிட்டு நகைகளை அள்ளிக்கொண்டு ஓடியிருந்தான். கடைக்காரர் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். ஓடியவன் நல்ல உயரம், மஞ்சள் குடுமி, முதுகில் கிற்றார்ப் பை என்று எதிர்க்கடைப் பெண் சொன்னாள். ஒஸ்தாப்பின் அறை அந்தத் தெருவுக்கு அடுத்த தெரு. படத்தைக் காட்டியதும், இவன்தான் என்றாள்.

"அந்த நேரம் நான் மேடையில் வாசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை பிந்தித்தான் வந்தது," என்று ஒஸ்தாப் சொன்னான். மணிக்கூடு கட்டுகிற பழக்கம் அவனுக்கு இல்லை. பொலிஸ் இருபது விருந்தாளிகளைக் கூப்பிட்டு, சடங்கு எத்தனை மணிக்கு நடந்தது என்று விசாரித்தது. இருபது பேரும் நல்ல மனிதர்கள். பாலாம்பிகையின் மானத்தை ஒரு பொலிஸ்காரருக்கு முன்னால் வாங்குவதா? "ஓம், ஓம், சுபநேரத்திலைதான்," என்றார்கள் இருபது பேரும். ஏன் கேட்கிறார்கள் என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சுபநேரத்துக்கும் நகைக்கடைக் கொள்ளைக்கும் முடிச்சுப் போட்டுப் பார்த்திருக்கமாட்டார்கள். உண்மை சொன்னவன் ஒருவன், அவன் மறியலில் கம்பிக்குப் பின்னால் இருந்தான்.

ஞானசுந்தரத்திடம் பொலிஸ் கசெட்டைக் கேட்டு வந்தபோது அவர் துள்ளிக் குதிக்காத குறை. "முழுக்க எடுத்திருக்கிறன். அவன் வாசிக்கிறது நல்ல வடிவாத் தெரியும்," என்று கொறற்றியிடம் பெருமையடித்தபடி, மூன்று கசெட்டையும் ஒரு பையில் போட்டு, வந்தவருக்குக் கோப்பியும் கொடுத்து அனுப்பினார். நேரம் திருப்பியது அவருக்கு ஞாபகத்திலேயே இல்லை. பதினொரு வருடமாகச் செய்கிற வேலை. கமராவின் மூடியைக் கழற்றியதை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

இரண்டு நாள் கழித்து ஒஸ்தாப்பின் வழக்கறிஞர் தொலைபேசியில் கூப்பிட்டார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய, சுற்றிவளைத்துப் பேசாத பெண்மணி. "உங்கள் கசெட் எங்களைக் கொன்றுவிட்டது," என்றார். "படத்தில் ஒன்று ஐம்பத்தைந்துக்கு ஒஸ்தாப் மேடையை விட்டு இறங்குகிறான். மூன்று ஐந்துக்குத்தான் திரும்பத் தெரிகிறான். ஆற்றுக்கு மேலே ஓடுகிற தொங்கு ரயிலில் போய்த் திரும்ப அந்த நேரம் போதும். கடைக்காரர் இறந்தால் இது கொலை வழக்கு."

ஞானசுந்தரம் கதிரையில் இருந்துவிட்டார். கொறற்றி அடுப்பை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். அவர் விரலை மடித்துக் கணக்குப் பார்த்தார். ஒன்று ஐம்பத்தைந்து என்றால் உண்மையில் மூன்று கால். இரண்டே முக்காலுக்கு ஒஸ்தாப் இருநூற்றைம்பது பேருக்கு முன்னால் நின்று, கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் அவனை உள்ளுக்கு வைச்சிட்டன், கொறற்றி."

"அப்ப நீங்கள்தான் வெளியிலை எடுக்கோணும். சேட்டைப் போடுங்கோ, வெளிக்கிடுங்கோ."

"அதைச் சொன்னா நான் எடுத்த அவ்வளவு கசெட்டையும் சனம் சந்தேகப்படும். எத்தினை தாய்மாற்றை மானம்?"

"இஞ்சை ஒரு தாயின்ரை பிள்ளை மறியல்லை கிடக்கு. மானம் பிறகு பாப்பம்."

அவர் முதலில் பாலாம்பிகையிடம்தான் போனார். சொல்லாமல் போய்ப் பொலிஸில் சொல்ல அவருக்கு மனம் ஒப்பவில்லை. அவள் கதையைக் கேட்டு முடிப்பதற்குள் அழத் தொடங்கிவிட்டாள்.

"ஞானம் அண்ணை, அந்தத் தம்பிக்காக நான் கோயில்லை நேத்தி வைக்கிறன். ஒரு வருஷம் வெள்ளி வெள்ளி விரதமும் பிடிக்கிறன். இதை மட்டும் கேக்காதேங்கோ. எமகண்டத்திலை பிள்ளைக்கு ஆலாத்தி எடுத்தனான் எண்டு மாமிக்குத் தெரிஞ்சால், நாளைக்குக் கவிசாவுக்கு ஒரு தலையிடி வந்தாலும் அது என்னாலைதான்." அவளுடைய மாமியார் கனடாவில் இருந்தார். யாருக்காக அந்தக் கமராவின் நேரம் திருப்பப்பட்டதோ, அந்த மாமியார் அவர்தான்.

"நான் உங்களைக் கேக்கேல்லை, தங்கச்சி. நான் போய்ச் சொல்லப்போறன். சொல்லிப்போட்டுப் போவம் எண்டுதான் வந்தனான்," என்றார் ஞானசுந்தரம். அவள் கதவைச் சாத்தினாள். பதினொரு வருடத்தில் ஒரு தாய் அவருக்கு முன்னால் கதவைச் சாத்தியது அதுதான் முதல் தரம்.

விசாரணை அதிகாரியின் பெயர் டீக்மான். தடித்த மீசைக்காரர், நிதானமானவர். ஞானசுந்தரம் வழக்கறிஞரோடு போய் முன்னால் இருந்து, முகூர்த்தம் என்றால் என்ன, எமகண்டம் என்றால் என்ன, மாமியார் என்றால் என்ன என்று ஒன்றுவிடாமல் விளக்கினார். மாமியார் பகுதி மட்டும் டீக்மானுக்கு உடனே விளங்கியது. மற்றதை அவர் நம்பவில்லை.

"அதாவது, சிநேகிதன் மாட்டிக்கொண்ட பிறகு, மணிக்கூடு பிழை என்கிறீர்கள்."

"பிழை இல்லை. நான் வேணுமென்று திருப்பினேன்."

"இருபது பேர் சுபநேரம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்களே?"

"அவர்கள் மரியாதைக்குச் சொன்னது."

"மரியாதைக்கு," என்று டீக்மான் மெல்லச் சொல்லிப் பார்த்தார். பேனாவை வைத்துவிட்டார். "மண்டபத்துச் சுவரில் மணிக்கூடு ஒன்றும் இல்லையா?"

இருந்தது, அதையும் நானே கழற்றி அலுமாரியில் பூட்டினேன் என்று சொல்ல வேண்டி வந்தபோது, ஞானசுந்தரத்துக்கே தன்மேல் கோபம் வந்தது. இவ்வளவு கெட்டித்தனமாக ஒரு மனிதன் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட முடியுமா? "முழுக் கசெட்டையும் ஒருதரம் பாருங்கள்," என்று கெஞ்சினார். டீக்மான் மேடைப் பகுதிகளை மட்டும்தான் அதுவரை பார்த்திருந்தார். பெருமூச்சு விட்டுக்கொண்டு இரண்டாவது கசெட்டைப் போட்டார்.

பந்தி தொடங்கியது. ஞானசுந்தரத்துக்கு ஒரு கொள்கை உண்டு. வந்த ஒவ்வொருவரும் சாப்பிடுவதைப் படம் பிடிக்காமல் விடமாட்டார். கத்தரிக்காய்க் குழம்பும் சோறும் வாயில் போகிற நேரத்தில் முகத்துக்கு நேரே வெளிச்சத்தை அடிப்பார். டீக்மான் பொறுமையாக நாற்பது பேர் சாப்பிடுவதைப் பார்த்தார். பிறகு கமரா சமையலறைப் பக்கம் திரும்பியது. அங்கே மண்டபத்தைப் பராமரிக்கிற ஹவுஸ்மைஸ்டர் ஒரு வாங்கில் இருந்து, யாரோ கொடுத்த வடையைக் கடித்தபடி, பக்கத்தில் சின்ன வானொலிப் பெட்டியை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கமராவைக் கண்டதும் வடையைத் தூக்கிக் காட்டினார். மூலையில் நேரம் இரண்டு பத்து.

டீக்மான் நிமிர்ந்தார். படத்தை நிறுத்தி, பின்னால் ஓட்டி, சத்தத்தைக் கூட்டினார். வானொலியில் ஒருவர் படபடவென்று பேசிக்கொண்டிருந்தார். விசில் ஊதியாகிவிட்டது, எல்லா மைதானத்திலும் பந்து உருளுகிறது என்றார். டீக்மான் மூன்று தரம் போட்டுக் கேட்டார். மீசைக்குள் ஒரு சிரிப்பு மெல்லப் புறப்பட்டது.

"சனிக்கிழமை," என்றார். "மூன்றரை. என் அப்பா காலத்திலிருந்து சனிக்கிழமை உதைபந்தாட்டம் மூன்றரைக்குத்தான் தொடங்கும். இந்த நாட்டில் எதை வேண்டுமானாலும் பிந்தித் தொடங்குவார்கள், இதை இல்லை." பேனாவை எடுத்துக் கழித்துப் பார்த்தார். "ஒரு மணி இருபது நிமிடம். நீங்கள் சொன்ன அதே கணக்கு."

வழக்கறிஞர் ஞானசுந்தரத்தின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். டீக்மான் மட்டும், தாய் ஒரு வார்த்தை உறுதிசெய்தால் நல்லது என்று இழுத்தார். ஞானசுந்தரம் அந்தச் சாத்திய கதவை நினைத்துக்கொண்டார். அந்த நேரம் வெளியே யாரோ சத்தமாக விசாரிப்பது கேட்டது. கதவைத் திறந்தால் பாலாம்பிகை. அழுது வீங்கிய முகம், கையில் சாமத்தியவீட்டு அட்டை. பின்னால் மேல்கோட்டுப் பொத்தானை மாறிப் பூட்டியபடி புவனேந்திரன்.

"ரெண்டு நாப்பது," என்றாள் ஜெர்மனில், ஒருவரும் கேட்பதற்கு முன்னமே. "நான் என் கைமணிக்கூட்டைப் பார்த்தபடிதான் நின்றேன். அந்தப் பிள்ளை வாசித்துக்கொண்டிருந்தது. எங்கே கையெழுத்துப் போடவேண்டும்?"

அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை ஒஸ்தாப் வெளியே வந்தான். நகைக்கடைக்காரர் பிழைத்துக்கொண்டார். அடுத்த மாதம் உண்மையான ஆளையும் வேறொரு ஊரில் பிடித்தார்கள். அவனுடைய பைக்குள் கிற்றார் இருக்கவில்லை, துப்பாக்கிதான் இருந்தது. பூட்டுத் தொழிற்சாலையில் லீவு போட்டுவிட்டு வந்த ஞானசுந்தரத்தை மறியல் வாசலிலேயே கட்டிப்பிடித்துத் தூக்கினான் ஒஸ்தாப். ஐம்பது வயது மனிதர் காலை உதறிக்கொண்டு, இறக்கிவிடடா என்று தமிழில் கத்தினார். கதை அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது. அன்று பின்னேரத்துக்குள் பதினேழு வீட்டிலிருந்து போன் வந்தது. எல்லாரும் ரகசியக் குரலில், எங்கடை கசெட் சரிதானே என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அவர் உண்மையையே சொன்னார். நாலு வீடு அவரோடு கதையை நிறுத்தியது. மூன்று வீடு அடுத்த மாதம் திரும்பக் கதைக்கத் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை பாலாம்பிகை எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். ஒஸ்தாப் ஆட்டிறைச்சிக் கறியில் கண்ணாக இருந்தான். கவிசா அவனிடம் மறியலில் என்ன சாப்பாடு என்று துருவிக்கொண்டிருந்தாள். அப்போது போன் அடித்தது. ஞாயிறு இரண்டு மணி என்றால் கனடா மாமி. ஒவ்வொரு கிழமையும் எடுத்து, சண்டை சச்சரவு ஏதும் உண்டா, புவனன் உன்னோடு நல்லாயிருக்கிறானா, பிள்ளைக்குச் சுகமா என்று ஒன்றையே திருப்பித் திருப்பிக் கேட்பார். குற்றம் கண்டுபிடிக்கிற மனிசி என்பது பாலாம்பிகையின் முடிவு. அன்று அவள் ரிசீவரைக் கையில் எடுக்காமல், எல்லாருக்கும் கேட்கிற பொத்தானை அமத்தினாள். தானே அதைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவெடுத்திருந்தாள். சாட்சிக்கு ஆட்கள் இருந்தால் தைரியம் வரும்.

"மாமி, கவிசாவுக்கு ஆலாத்தி எடுத்தது சுபநேரத்திலை இல்லை. ரெண்டு நாப்பதுக்கு. எமகண்டம். கசெட்டிலை இருக்கிறது பொய்."

புவனேந்திரன் கறிச்சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஞானசுந்தரம் கையைப் பிசைந்தார்.

"அந்த நேரத்திலை எடுத்தபடியாலைதான் ஒரு பெடியன் தப்பினவன்," என்றாள் பாலாம்பிகை. "நேரத்துக்கு நடந்திருந்தா, ரெண்டே முக்காலுக்கு அவர் ஆத்தங்கரையிலை தனிய சிகரெட் பிடிச்சுக்கொண்டு இருந்திருப்பார். ஒரு சாட்சி இருந்திராது. நீங்கள் ஏசிறதெண்டால் ஏசுங்கோ."

"பிள்ளை," என்றது மாமியின் குரல், கரகரத்து. "உன்ரை கழுத்திலை தாலி ஏறினதும் எமகண்டத்திலைதான்."

புவனேந்திரன் தலையை நிமிர்த்தினார்.

"அண்டைக்கு மேலை ஆமி ஹெலி சுத்தினது ஞாபகமிருக்கே? ஐயர் பங்கருக்குள்ளை இருந்து வரமாட்டன் எண்டிட்டார். அவர் வெளியிலை வரேக்கை நேரம் போட்டுது. நீ பயந்துபோய் இருந்தனி. உன்ரை முகத்தைப் பாத்திட்டு, நான்தான் சுவர் மணிக்கூட்டைத் திருப்பி வைச்சனான். பதினாலு வருஷமா ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

பாலாம்பிகை அப்படியே நிலத்தில் இருந்தாள். முதலில் அழுகிறாள் என்றுதான் ஞானசுந்தரம் நினைத்தார். பிறகுதான் சிரிப்பு என்று தெரிந்தது. புவனேந்திரனும் பக்கத்தில் வந்து நிலத்தில் இருந்து, அவளைவிடச் சத்தமாகச் சிரித்தார். என்ன நடந்தது என்று ஒஸ்தாப் கேட்க, கவிசா ஜெர்மனில் சொல்ல, அவனும் வாயில் கறியோடு சிரிக்கத் தொடங்கினான்.

"அப்ப நாங்கள் நல்லாத்தானே இருக்கிறம், மாமி?" என்றாள் பாலாம்பிகை, கண்ணைத் துடைத்தபடி.

"ஓம் பிள்ளை," என்றார் மாமி. "அதைத்தானே நான் கிழமைக்குக் கிழமை போன் எடுத்துக் கேக்கிறனான்."